கேட்டவர்களுக்கெல்லாம் ‘வேண்டாம்’ சொன்ன பிலோமினா அக்கா

கப்பல்துறைச் சந்தியில் ஓட்டோவை ஓரம்கட்டி, ஒரு கடைத் திறப்பு விழா அறிவித்தலை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, நான் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சேவியர் அத்தானின் அழைப்பு வந்தது. ஓட்டோவின் தலையில் என் குரலே கத்திக்கொண்டிருந்ததால் அவர் சொன்னது கேட்கவில்லை.

“உன்ட வாயைக் கொஞ்சம் மூடு தம்பி” என்றார்.

ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

“அக்கா போயிட்டா. பகல் கஞ்சி குடிச்சிட்டுக் கண்ணயர்ந்தவ. எழும்பேல்ல.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. கடைசி எட்டு மாதம் அக்கா பட்ட வலியைப் பார்த்தவர்கள் உங்களில் பலர். தன் சுழல் கதிரையில் நாள் முழுக்க இருந்து வேலை செய்த மனிசி, அதே கதிரையில் பத்து நிமிடம் இருக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தூக்கத்தில் போனார் என்று கேட்டதும் ‘கடவுளே, நன்றி’ என்றுதான் என் வாயில் வந்தது.

அந்த நிம்மதி கோப்பையில் மிச்சமிருந்த தேநீர் முடியும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. நான் அக்காவிடம் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தேன். மூன்று வருடத்துப் பொய். அது தெரியாமலே போயிருந்தால், நான் ஒரு நல்ல மனிசியைக் கடைசி வரைக்கும் ஏமாற்றியவன். தெரிந்து போயிருந்தால், என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு கண்ணை மூடினாரோ? இரண்டில் எது என்று இனி யாரிடம் கேட்பது? கப்பல்துறையிலிருந்து ஓர்ஸ் ஹில் வரைக்கும் அந்த ஒரு கேள்வியைத்தான் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுது என்று அத்தான் கேட்டார். “அத்தான், நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டனான். படிச்ச ஆக்களிட்டக் கேளுங்கோ” என்றேன். “படிச்சவை அவவைப் பற்றி நல்லதா எழுதுவினம். நீ நடந்ததை எழுது” என்றார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சகத்தாரைத் திட்டுங்கள்.

உங்களுக்கு அக்காவைத் தெரியும். தெரியாத ஒருவர் கையில் இந்த மலர் கிடைத்தால் அவருக்காக இரண்டு வார்த்தை. ஓர்ஸ் ஹில்லில் துறைமுகத்துப் பக்கம் இறங்கும் பாதையில், வீட்டின் முன்னறையில், பிலோமினா அக்கா ஒலிப்பதிவு செய்து கொடுத்தார். கோயில் பாட்டு, தேவாலயப் பாட்டு, இஸ்லாமிய கீதம், கடை விளம்பரம், எல்லாம் அந்த ஒரு அறைக்குள்தான். மைக், மிக்சர், ஹெட்போன் போன்ற சாமான்களும் விற்றார். விற்றார் என்று சொல்வது பிழை. விற்காமல் இருந்தார் என்பதே சரி. வீட்டிலேயே பதிவு செய்ய ஆசைப்பட்டுப் புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்லும் முதல் வார்த்தை “வேண்டாம்” என்பதுதான். வணக்கம் கூட அதற்குப் பிறகுதான். வாடிக்கையாளரைத் துரத்துவதற்கென்றே கடை திறந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று நான் பகிடி பண்ணுவேன். “திரும்பி வருவினம் தம்பி. வேற இடத்தில வாங்கிப் பழுதாக்கிப்போட்டு வருவினம்” என்பார். அப்படியே வருவார்கள்.

என்னையும் அப்படித்தான் பிடித்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னர், நான் ஓட்டோவில் இருந்தபடியே மைக்கைப் பிடித்து நேரடியாகக் கத்திக்கொண்டு திரிந்த காலம். ஒரு நாள் பாதையை மறித்து நின்று, “உன்ட குரல் நல்ல குரல். ஆனா மரண அறிவித்தலும் மீன் விக்கிறதும் ஒரே மாதிரிக் கேக்குது” என்றார். முன்னறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். பெரிய மெஷின் ஏதோ காட்டப்போகிறார் என்று நினைத்தேன். மர அலுமாரியின் இரண்டு கதவையும் திறந்தார். உள்ளே அவருடைய சேலைகள்.

“இதுக்குள்ள முகத்தை வைச்சுக் கதை” என்றார்.

“அக்கா, அத்தான் வந்தா என்ன நினைப்பார்?”

“அவர் இதைவிடக் கூடாத ஆக்களை இதுக்குள்ள கண்டிருக்கிறார். கதை.”

என் போனையே சேலைகளுக்கு நடுவில் சாத்தி வைத்து, ஒரு சாண் தூரத்தில் நின்று பேசச் சொன்னார். ஹெட்போனில் போட்டுக் காட்டியபோது, அது என் குரல் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. எதிரொலி இல்லை, இரைச்சல் இல்லை. துணி எல்லாவற்றையும் குடித்துவிட்டது. “உன்னட்ட போன் இருக்கு, உன்ட மனுசியிட்டச் சேலை இருக்கு. வேற ஒண்டும் வேண்டாம்” என்றார். அன்றிலிருந்து சல்லிக் கிராமத்தில் என் வீட்டு அலுமாரிக்குள் தலையை விட்டுத்தான் இந்த மாவட்டத்துக்கே நான் செய்தி சொல்லி வந்தேன்.

அந்த முன்னறையில் வாங்குப் பலகையில் குந்திக்கொண்டு, வருகிற புது ஆட்களைப் பகிடி பண்ணுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்தார். நல்ல பாட்டுக்காரர். எக்கோ பெட்டி வேண்டும் என்றார். “வேண்டாம் நானா. எக்கோ பிழையை மறைக்காது. ஒரு பிழையை மூண்டு தரம் சொல்லும்” என்றார் அக்கா. இன்னொருவர் வீட்டு அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். “வெளிச் சத்தத்தை அது மறிக்காது தம்பி. கரப்பானுக்கு மாடி வீடு கட்டிக் குடுத்திருக்கிறீங்க” என்றார். அந்த ஆளுக்கு நான் அன்றைக்கே ‘கரப்பான் கொன்ராக்டர்’ என்று பேர் வைத்து, அவர் குடியிருக்கும் ஒழுங்கை முழுக்கப் பரப்பிவிட்டேன். நகரசபைப் பக்கம் வேலை பார்த்த ஒரு ஐயா பன்னிரண்டு வழி மிக்சர் கேட்டு வந்தார். “எத்தனை பேர் பாடுறீங்க?” “நான் மட்டும்தான்.” “அப்ப உங்களிட்ட இருக்கிறது ஒரு வாய். மிச்சப் பதினொரு ஓட்டைக்குள்ளயும் என்னத்தைச் செருகப்போறீங்க?” நான் வாங்கிலிருந்து விழுந்து சிரித்தேன். ஐயா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

சிலர் அக்கா சொன்னால் நம்பமாட்டார்கள். சாமான் இல்லாமல் எப்படி என்பார்கள். அப்போது அக்கா என்னைக் காட்டுவார். “இந்த மனுசனைக் கேளுங்கோ. ஒரு போனும் ஒரு அலுமாரியும்தான். ஊர் முழுக்க இவன்ட குரல்.” நான் நெஞ்சை நிமிர்த்தி, “ஓம், ஒண்டும் வாங்கேல்ல” என்பேன். அதாவது, அக்காவின் சாட்சி நான்.

இனிப் பொய்க்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னர் நான் வாங்கினேன். போனில் ஒரு விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தது. ஒரே பெட்டிக்குள் முழு ஸ்டூடியோவும் என்று. தங்க நிறக் கண்டென்சர் மைக், மேசையில் பூட்டுகிற மடங்கும் கை, மூச்சுக்காற்றை மறிக்கிற வட்டத் துணி, பிறகு ஒரு சின்னப் பெட்டி நிறைய வெளிச்சப் பொத்தான்கள். பகலும் இரவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிற ஒரு மனிதனுக்குத் தங்க நிற மைக்கைப் பார்த்தால் மனம் என்ன பாடுபடும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஊரெல்லாம் பகிடி பண்ணின வாய் இது. ஆகவே கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்து, அக்காவுக்குச் சொல்லாமல் பாவித்தேன்.

கண்டென்சர் மைக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல அறையில் அது தேவதை. சல்லியில், கடற்கரையில், கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில், அது பிசாசு. கடலைக் கேட்கும், காகத்தைக் கேட்கும், மூன்று வீடு தள்ளிக் கொதிக்கிற பிரஷர் குக்கரைக் கேட்கும். “இது மைக் இல்ல, ஒட்டுக் கேக்கிற சனியன்” என்றாள் என் மனுசி. அந்த வசனமும் பதிவாகியிருந்தது.

முதல் வேலையாகக் கனகு அண்ணருடைய ஆடு காணாமல் போன அறிவித்தலை அதில் பதிந்தேன். வெள்ளைக் கிடாய், ஒரு காது கறுப்பு, கண்டவர்கள் அறியத் தரவும். சுருக்கமான வேலை. அதே நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் வதனியின் ஆடு கத்தியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. தெருத் தெருவாக ஓட்டோ போகிறது. ‘வெள்ளைக் கிடாய் ஆடு ஒன்று காணாமற் போயுள்ளது’ என்று நான். ‘ம்மே’ என்று பின்னால் ஆடு. கனகு அண்ணர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டோவைத் துரத்தி வந்தார்.

“நிப்பாட்டடா! ஆட்டைக் கட்டி வைச்சுக்கொண்டு காணேல்லையெண்டு கத்துறியோ?”

“அண்ணை, அது வதனியின்ட ஆடு!”

“என்ட ஆட்டின்ட குரல் எனக்குத் தெரியாதோ?”

நேராக வதனி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே நடந்த சண்டையை எழுதினால் இந்த மலரைக் கோயிலடியில் வைக்க முடியாது. பொழுதுபடக் கிடாய் தானாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வதனி இன்றைக்கும் என் மனுசியோடு கதையில்லை.

கதை ஓர்ஸ் ஹில்லுக்கும் போய்விட்டது. அடுத்த நாள் அக்கா கேட்டார். “என்ன தம்பி, ஆடும் அறிவித்தல் குடுத்ததாம்?”

“அலுமாரிக் கதவு திறந்து கிடந்தது அக்கா. போன் பிடிச்சுப்போட்டுது.”

“போனோ?”

“ஓம், போன்தான்.”

அக்கா ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு மரண அறிவித்தலைப் பதிந்தேன். அந்த வெளிச்சப் பெட்டியில் கைதட்டலுக்கு ஒரு பொத்தான், சிரிப்புக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. என் முழங்கை பட்டுவிட்டது. ‘அன்னாரின் இறுதிக் கிரியைகள்’ என்ற இடத்தில் ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள். நல்ல காலம், மனுசி கேட்டுவிட்டுக் குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள். அது வெளியே போயிருந்தால் நினைவு மலர் எனக்குத்தான் அடித்திருப்பார்கள். அன்றைக்கே எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, மறுபடியும் சேலைகளுக்குள் தலையை விட்டேன்.

பிறகு ஒரு பெடியன் அதே மாதிரிப் பெட்டி நல்லதா என்று கேட்டு வந்தபோது அக்கா சொன்னது இது: “சிரிப்பும் கைதட்டும் கேக்கிற ஆக்கள் தரவேணும் தம்பி. பொத்தானில வைச்சிருக்கிறவனுக்கு அது வெளியில இருந்து வராது.” சொல்லிவிட்டு வழக்கம் போல என்னைக் காட்டினார். “இவரைக் கேளுங்கோ.” நான், “ஓம், ஒண்டும் வாங்கேல்ல” என்றேன். முன்னர் நெஞ்சு நிமிர்ந்து சொன்ன அதே வார்த்தை. இப்போது காது சுட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் வாய் அவ்வளவு திறக்கவில்லை.

அக்கா படுக்கையில் விழுந்த பிறகு இரண்டு தரம் சொல்லப் போனேன். முதல் தரம், “அக்கா, ஒரு கதை சொல்ல வேணும்” என்று தொடங்கினேன். “ஆடு சம்பந்தமானதோ?” என்று கேட்டார். பயத்தில், இல்லை, மழை சம்பந்தமானது என்றேன். மழையைப் பற்றி என்ன சொன்னேனோ தெரியாது. இரண்டாம் தரம் மருந்து மயக்கத்தில் இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன். மூன்றாம் தரம் போக நினைத்திருந்த கிழமைதான் அத்தான் போன் எடுத்தார்.

செத்த வீட்டில் சனம் நிறைந்திருந்தது. அத்தான் ஒரு தாளைத் தந்தார். அக்காவின் மரண அறிவித்தல். பொழுதுபடுவதற்குள் ஊருக்குப் போகவேண்டும். பதிவதற்கு அமைதியான இடம் அந்த வீட்டில் ஒன்றுதான். அத்தானே அலுமாரியைத் திறந்துவிட்டு, முன்னறைக் கதவைச் சாத்தினார். அக்காவின் சேலைகளுக்கு நடுவில் போனைச் சாத்தி வைத்தேன். ‘ஓர்ஸ் ஹில்லை வசிப்பிடமாகக் கொண்ட திருமதி பிலோமினா சேவியர் அவர்கள்’ வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் போக முடியவில்லை. மூன்று தரம் தொடங்கினேன். மூன்று தரமும் அந்தப் பெயரில் குரல் உடைந்தது.

“என்னால ஏலாது அத்தான்.”

“நீ வாசிக்காட்டி ஆர் வாசிக்கிறது?”

“நான் அக்காவுக்குப் பொய் சொன்னனான்.” தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. தங்க மைக், கட்டிலுக்குக் கீழே, ஆடு, கைதட்டல், எல்லாவற்றையும் அந்தத் திறந்த அலுமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “அவ என்னைச் சாட்சியா வைச்சு எத்தினை பேருக்குச் சொன்னவ. நான் அவவின்ட வாயைப் பொய்யாக்கிப்போட்டன்.”

அத்தான் என்னையே பார்த்தார். அழுது வீங்கிய முகம். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு ஏறியது.

“ஆடு கத்தின அண்டைக்கே அவவுக்குத் தெரியுமடா.”

“என்ன?”

“போனுக்கு வேலிக்கு அங்கால கேக்கிற காது இல்லையாம். ‘மடையன் கண்டென்சர் வாங்கிப்போட்டான்’ எண்டு சொல்லிச் சொல்லி அண்டைக்கு முழுக்கச் சிரிச்சவ. ஒரு மாசத்தில, ‘திரும்ப அலுமாரிக்கு வந்திட்டான், குரலில தெரியுது’ எண்டவ.”

“பிறகேன் என்னைச் சாட்சி கூப்பிட்டவ?”

“அதைத்தான் நானும் கேட்டனான். வாங்கி அனுபவிச்சவன்தான் நல்ல சாட்சியாம். ‘முந்தி ஒண்டும் வாங்கேல்லையெண்டு பெருமைக்குச் சொன்னவன், இப்ப அனுபவத்தில சொல்லுறான், அவன்ட முகத்தைப் பாத்தாலே சனம் பயந்து வாங்காமப் போகும்’ எண்டவ.”

நான் சிரித்துவிட்டேன். செத்த வீட்டில், கதவுக்கு அந்தப் பக்கம் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது.

“நீங்களாவது என்னட்டச் சொல்லியிருக்கலாமே அத்தான்.”

“சொல்ல வேண்டாமெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ. ‘எல்லாரையும் பகிடி பண்ணுறவன், அவனுக்கும் ஒளிக்க ஒண்டு இருக்கட்டும். இப்ப கொஞ்சம் பாத்துத்தான் சிரிக்கிறான்’ எண்டு சொன்னவ. உனக்கு அதைச் சொல்ல வேணுமெண்டா நீயா வந்து சொல்லுவியாம். வந்தா ஆட்டைப் போலக் கத்திக் காட்டவெண்டு பழகியும் வைச்சிருந்தவ.”

மூன்று வருடம் என் நெஞ்சில் இருந்த கல் அந்த அலுமாரி வாசலில் இறங்கியது. நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்ற முடியாத ஒரு மனிசியிடம் மூன்று வருடம் பத்திரமாக இருந்திருக்கிறேன். நாலாவது தரம் ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். அன்றைய அறிவித்தலில் உன் குரல் ஒரு மாதிரி இருந்ததே, அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லையே என்று உங்களில் பலர் கேட்டீர்கள். இரண்டும்தான். இப்போது விளங்கும்.

போன கிழமை நிலாவெளிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் சைக்கிளில் சல்லிக்கு என்னைத் தேடி வந்தார். தபால்காரராக இருந்தவர். மனைவிக்குக் கண் தெரியாது, அவருக்குக் கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிந்து வைக்க ஆசை என்றார். அக்கா இருந்தபோது என்னிடம் போகச் சொன்னாராம். என்ன சாமான் வாங்கலாம் என்று கேட்டார். நான் முதல் தடவையாகக் கட்டிலுக்குக் கீழே கையை விட்டு அந்தப் பெட்டியை வெளியே இழுத்தேன்.

“நான் வாங்கினனான் அண்ணை. நீங்க வாங்க வேண்டாம்” என்றேன்.

மைக்கைப் பூட்டி அவரை வாசிக்கச் சொல்லிப் போட்டுக் காட்டினேன். அவர் குரலை விடக் காகத்தின் குரல் தெளிவாகக் கேட்டது. பிறகு அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவில் அவருடைய போனை வைத்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“நல்லது தம்பி. நான் இன்னும் ஒண்டும் வாங்கேல்ல” என்றார். சைக்கிளில் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, “ஒருவேளை ஆரும் வாங்கியிருந்தா, திருப்பி அனுப்ப ஏலுமோ? சும்மா கேட்டனான்” என்றார்.

பழைய நான் என்றால் அந்தியாவதற்குள் அவருக்கு ஒரு பட்டப்பேர் நிலாவெளி வரைக்கும் போயிருக்கும். நான் கடலைப் பார்த்துக்கொண்டு, “பெட்டியைப் பழுதாக்காம வைச்சிருக்கிற ஆக்கள் கேட்டுப் பாக்கலாம் அண்ணை” என்றேன். அவர் வந்ததை விட வேகமாகப் போனார்.

குசினிக்குள்ளிருந்து மனுசி எட்டிப் பார்த்தாள். “அந்த மனுசனும் வாங்கிப்போட்டுது, என்ன?”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

தெரிந்தும் தெரியாதது போல இருந்த பிலோமினா அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு பதில்தான்.